ஆடும் சாணைக்கல்லை அடக்குவது எப்படி?

தம்பி தங்கைகளே, மலிவான பெஞ்ச் கிரைண்டர் அதிர்ந்தா உடனே மோட்டாரைக் குறை சொல்லாதீங்க. காரணங்களை ஒவ்வொன்றா விலக்கிப் பார்ப்போம். கல்லைத் தொடும் முன் எப்பவும் பிளக்கைப் பிடுங்கிடுங்க.

1. நட்டு, ஃபிளேஞ்ச், கல் எல்லாத்தையும் கழற்றுங்க. இடப்பக்க நட்டைக் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். வெறும் ஷாஃப்ட்டை ஓட்டிப் பாருங்க. அப்பவும் அதிர்ந்தா கோளாறு மோட்டார் பக்கம்.

2. கல்லைத் தொங்கவிட்டு மரப்பிடியால் மெல்லத் தட்டுங்க. கணீர்னு ஒலிக்கணும். மந்தமா ஒலிச்சா விரிசல் இருக்கலாம். அந்தக் கல்லை மாட்டவே மாட்டாதீங்க.

3. கல் பக்கவாட்டில் ஆடினா ஃபிளேஞ்சைக் கவனிங்க. நான் சரிசெய்த 6 அங்குல கிரைண்டரில் அது வளைந்த மெல்லிய தகடு. தட்டையானதை மாற்றி, கல்லின் இருபுறமும் காகித வாஷர் வெச்சதும் ஆட்டம் நின்னது. நட்டை ரொம்ப முறுக்காதீங்க, கல் உடையும்.

4. கல் மேலும் கீழும் துள்ளினா வட்டம் சரியில்லை. வைர டிரெஸ்ஸரால் விளிம்பைச் சீவுங்க. ஆனா இது பக்கவாட்டு ஆட்டத்தைத் தீர்க்காது. அதனால்தான் கடைசியில் வெச்சேன்.

நம்ம 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இந்த வகைக் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,900 சுற்று சுழலும். கல்லில் அச்சிட்ட வேகம் அதைவிட அதிகமா இருக்கணும். காப்பு மூடியை மாட்டி, கண்ணாடி போட்டு, முதல் ஒரு நிமிடம் ஓரமா நில்லுங்க. உடையுற கல் நேரா நிற்கிறவரைத்தான் தாக்கும்.