சாரத்திலிருந்து விழுந்தால்

கடத்தூரிலிருந்தும் சுற்றுப்பட்டிகளிலிருந்தும் பொம்மிடியில் ரயிலேறிக் கட்டட வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறேன். நாற்பது வருஷம் கரண்டி பிடித்தவன் நான். ஒருமுறை சாரத்திலிருந்து விழுந்தேன். இடது மணிக்கட்டு இன்றும் முழுசாகத் திரும்பாது.

1. விழுந்தவனைக் கைகால் பிடித்துத் தூக்காதீர்கள். முதுகெலும்பில் அடி இருந்தால் நீங்கள் தூக்குகிற தூக்கிலேயே கால் செத்துவிடும். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, தலை அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள். கம்பி குத்தியிருந்தால் பிடுங்கக் கூடாது. சோடா, தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள்.

2. டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லு தம்பி. இதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். நான் விழுந்த அன்று மேஸ்திரி கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றார். "வீட்டுப் படியில வழுக்கிட்டேன்னு சொல்லு, செலவை நான் பாத்துக்கறேன்" என்றார். நானும் அப்படியே சொன்னேன். மூன்று வாரம் பணம் வந்தது, அப்புறம் ஆளே வரவில்லை. நஷ்டஈடு கேட்டுப் போனபோது அதிகாரி ஆஸ்பத்திரித் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். நீல மையில் ஒரே வரி: வீட்டுப் படியில் தவறி விழுந்ததாகக் கூறுகிறார். அந்த ஒரு வரியை என்னால் கடைசிவரை தாண்ட முடியவில்லை. சாலை விபத்து என்று சொன்னால் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் இலவசம் என்று இப்போது யாராவது ஆசை காட்டலாம். அது சாலை விபத்துக்கு மட்டும். பொய் சொல்லி மாட்டிக்கொள்ளாதே.

3. ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டின் (ஏ.ஆர்.) காப்பி கேட்டு வாங்கு. போலீசில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கு. மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே, வண்டி வாடகை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

4. மறுநாள் விடிவதற்குள் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள். உடைந்த பலகை, அவிழ்ந்த கயிறு, தடுப்பில்லாத விளிம்பு எல்லாவற்றையும் கூட வேலை செய்கிறவனிடம் அன்றைக்கே போட்டோ எடுக்கச் சொல்லு. பார்த்தவர்களின் பெயரும் ஊரும் எழுதி வை. மூன்று மாதத்தில் அவர்கள் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் போனது நாடு முழுக்கத் தெரிந்தது. தனியாள் ஒருவன் விழுந்தால் எந்தப் பேப்பரிலும் வராது. நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.

5. வெள்ளைத்தாளில் கையெழுத்தோ ரேகையோ வைக்காதே. "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று எழுதி வாங்கியிருந்தாலும் பயப்படாதே. நஷ்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கிற ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது.

6. மேஸ்திரி நம்மூர்க்காரர், மாமன் முறை, எப்படிக் கேட்பது என்று தயங்காதே. அவர் கையில் பணம் இல்லையென்றால், வேலையை அவருக்கு விட்ட பெரிய கான்ட்ராக்ட்காரரைக் கேட்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. 1923-இல் வந்த அந்த நஷ்டஈட்டுச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. விபத்து நடந்து இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். பெங்களூரில் விழுந்திருந்தாலும் நீ குடியிருக்கிற பகுதியிலேயே போடலாம், அங்கே அலைய வேண்டியதில்லை. வேலைக்குப் போக முடியாமல் படுத்திருக்கிற காலத்துக்கு, மாசக் கூலியில் கால் பங்கு பதினைந்து நாளுக்கு ஒருமுறை உனக்குச் சேர வேண்டும். இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் அந்த வழியில்தான் போக வேண்டும்.

7. கூலியை எழுதி வைக்கிற பழக்கம் வேண்டும். தேதி, சைட், வாங்கிய தொகை, அட்வான்ஸ். போனில் வந்த பணம் என்றால் அந்தக் கணக்கை அழிக்காதே.

8. எலும்பு முறிந்ததென்று புத்தூர் கட்டுக்கு ஓடுவதற்கு முன்னால் எக்ஸ்ரே எடு.

9. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லிருந்து இருக்கிறது. 18 வயதானதும் பதிந்துகொள். விழுந்த பிறகு அட்டை தேடி என்ன பயன்? சித்தாளாகப் போகிற பெண் பிள்ளைகளுக்கும் இதே வாரியம்தான். அப்பா பெயரில் அட்டை இருக்கிறதே என்று இருந்துவிடாதே அம்மா, உன் பெயரில் வேண்டும்.

10. வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்று யாரும் வீட்டில் முடங்க வேண்டாம். கூலிக்காரருக்கு வக்கீல் வைத்துத் தர மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. போன் நம்பர் 15100. பெட்டி கட்டுவதற்கு முன்னால் இந்த நம்பரை உன் போனிலும் அம்மா போனிலும் பதிந்துவிட்டுக் கிளம்பு.