ஸ்பீக்கரில் வாட் மட்டும் போதுமா?

கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் வாங்கச் செல்லும்போது நாம் முதலில் பார்ப்பது அட்டைப் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் வாட் எண்ணைத்தான். எண் பெரிதாக இருந்தால் ஒலியும் நன்றாக இருக்கும் என்று எண்ணிப் பணத்தைக் கொடுத்து விடுகிறோம். ஆனால் உயர்தர ஸ்பீக்கர் தயாரிப்பவர்கள் முக்கியமாகக் கருதுபவை வேறு இரண்டு. ஒன்று காந்தம், மற்றொன்று எளிமை. அவை என்னவென்று பார்ப்போமா?

ஸ்பீக்கர் இயங்கும் விதம்

பெட்டியின் முன்புறம் தெரியும் வட்டமான பாகத்திற்கு டிரைவர் என்று பெயர். (சாப்ட்வேர் டிரைவருடன் இதனைக் குழப்பிக் கொள்ள வேண்டாம்.) இதில் காகிதம் போன்ற மெல்லிய பொருளால் ஆன கூம்பு இருக்கும். அதன் அடியில் வாய்ஸ் காயில் எனப்படும் கம்பிச்சுருள் ஒட்டப்பட்டிருக்கும். இந்தச் சுருள் காந்தத்தின் குறுகிய இடைவெளிக்குள் நிற்கிறது. பாட்டுக்கு ஏற்ப மாறும் மின்சாரம் சுருளில் பாயும்போது, அது கூம்புடன் சேர்ந்து முன்னும் பின்னும் அசைந்து காற்றை அதிர வைக்கிறது. 1925ல் ரைஸ், கெல்லாக் என்ற அமெரிக்கப் பொறியாளர்கள் வெளியிட்ட இந்த அமைப்புதான் இன்றும் அடிப்படை.

இடைவெளியில் காந்தப்புலம் வலுவாக இருந்தால், குறைந்த மின்சாரமே கூம்பை நன்றாக அசைக்கும்.

மூன்று வகைக் காந்தங்கள்

அல்னிகோ: இரும்புடன் அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்தது. 1978ல் ஜயர் நாட்டில் (இன்றைய காங்கோ) ஏற்பட்ட மோதலால் கோபால்ட் விலை எகிறியது. எனவே பல தயாரிப்பாளர்கள் பெரைட்டுக்கு மாறினர்.

பெரைட்: விலை குறைவு, எடை அதிகம்.

நியோடிமியம்: 1980களில் வந்தது. சிறிய அளவிலேயே மிக வலுவானது. எனவேதான் இயர்போன்களிலும் லேப்டாப்களிலும் இதனைப் பயன்படுத்துகின்றனர். ஆனால் அதிகச் சூட்டில் இதன் வலிமை குறையும்.

ஒரே டிரைவர் போதும்

பெரும்பாலான பெரிய ஸ்பீக்கர்களில் கீழ் ஒலிக்கு ஒரு டிரைவர், மேல் ஒலிக்கு ஒரு டிரைவர் என்று இருக்கும். ஒலியைப் பிரித்துத் தர கிராஸ்ஓவர் என்ற சர்க்யூட் வேண்டும். இங்கிலாந்தின் லோதர் நிறுவனமோ வேறு வழியில் சென்றது. மிக வலுவான காந்தம், எடை குறைந்த கூம்பு, ஒரே டிரைவர் ஆகியவை அதன் கொள்கை. கிராஸ்ஓவர் இல்லை. மின்சாரம் நேராகச் சுருளுக்குச் செல்கிறது.

இதிலும் குறை உண்டு. கூம்பை வலுவான காந்தம் இறுக்கிப் பிடிப்பதால் பேஸ் குறையும். அதனை ஈடுகட்ட பெரிய ஹார்ன் வகைப் பெட்டி தேவை.

ஒரு சிறிய கணக்கு

1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எவ்வளவு ஒலி வரும் என்பதே சென்சிட்டிவிட்டி. இதனை டெசிபலில் குறிப்பர். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் தேவைப்படும் வாட் பாதியாகும். 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 8 வாட் தேவை எனில், 96 டெசிபல் ஸ்பீக்கருக்கு அதே ஒலிக்கு 1 வாட் போதும்!

வாங்கும்போது

பி.எம்.பி.ஓ. என்று போட்டிருக்கும் ஆயிரக்கணக்கான வாட்டை நம்பாதீர்கள். அதற்குப் பொதுவான அளவீட்டு முறை இல்லை. ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு, சென்சிட்டிவிட்டி எவ்வளவு என்று கேளுங்கள். பிறகு உங்களுக்கு நன்கு பழகிய பாடல் ஒன்றைப் போடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். எண்ணைக் காட்டிலும் உங்கள் காது நல்ல தீர்ப்பு சொல்லும்.