சுரங்கத்துக்குள் ஜிபிஎஸ் வேலை செய்கிறதா?

நம்பிக்கை: சுரங்கப்பாதைக்குள்ளும் வரைபடத்தில் கார் நகர்கிறது, ஆகவே அங்கேயும் ஜிபிஎஸ் கிடைக்கிறது.

கிடைப்பதில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள்களிலிருந்து வரும் அந்தச் சமிக்ஞை தரைக்கு வரும்போதே நலிந்துபோயிருக்கும். மலையைத் துளைக்க அதற்கு வலுவில்லை. உள்ளே தனிக் கருவிகள் பொருத்தியிராவிட்டால், திரையில் ஓடுவது கணிப்பு மட்டுமே. கடைசியாகத் தெரிந்த இடம், வேகம், திசை, சாலையின் போக்கு ஆகியவற்றை வைத்து வரைபடச் செயலி இந்நேரம் எங்கே இருப்பீர்கள் என்று கணக்குப் போடுகிறது. இது பழைய வித்தைதான். ஹோண்டா 1981-இல் கொண்டுவந்த கார் வழிகாட்டி திருப்பத்தை உணரும் ஹீலியம் வாயு ஜைரோவை நம்பியே ஓடியது; செயற்கைக்கோளைத் தேடவே இல்லை. ஜிபிஎஸ் முழு அளவில் இயங்கத் தொடங்கியது 1995-இல்.

நம்பிக்கை: அப்படியானால் சென்சார்களே போதும், செயற்கைக்கோள் எதற்கு?

ஹிமாசலத்தின் அடல் சுரங்கம் 9.02 கிலோமீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 9 நிமிடம். வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானி 0.01 மீ/வி² மட்டுமே கூடுதலாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இடப்பிழை நேரத்தின் இருமடியாக வளரும்: முதல் நிமிடத்தில் 18 மீட்டர், 9 நிமிடத்தில் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோமீட்டர். சக்கரச் சுற்றை எண்ணுவது இதைவிட உருப்படியான வழி. ஆனால் டயர் தேயத் தேய ஒரு சுற்றில் கடக்கும் தூரம் குறையும். திறந்தவெளியில் ஓடும்போது ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டு அதைத் திருத்திக்கொண்டே வர வேண்டும்.

ஜிபிஎஸ் காட்டும் இடம் நொடிக்கு நொடி துள்ளும்; ஆனால் நாள் முழுக்க ஓடினாலும் பிழை சேராது. ஜைரோ துள்ளாது, பிழை சேரும். ஒன்றின் குறை மற்றதில் இல்லை என்பதே இரண்டையும் சேர்ப்பதற்குக் காரணம். எதை எந்த நேரத்தில் எவ்வளவு நம்புவது என்று முடிவு செய்யும் கணக்கை, ‘கால்மன் வடிகட்டி’யை, ருடால்ஃப் கால்மன் 1960-இல் வெளியிட்டார். நிலவுக்குப் போன அப்போலோவும் அதைப் பயன்படுத்தியது.

நம்பிக்கை: செயற்கைக்கோள்கள் கூடினால் தவறு வராது.

திறந்த வானத்தின் கீழ் ஓரளவு சரி. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி வரும். சுற்றி வந்த தூரமும் கணக்கில் சேர்ந்துவிடும்.

நம்பிக்கை: சென்சார்களை அடுக்கினாலே நம்பகம் வந்துவிடும்.

எனக்கு எரிச்சலூட்டும் விளம்பர வாசகம் இதுதான். இரும்புப் பாலத்தில் திசைகாட்டி தடுமாறும். அதை நம்பாமல் ஒதுக்கத் தெரியாத மென்பொருளுக்கு அந்தக் கூடுதல் சென்சார் வெறும் தொல்லை. கால்மன் வடிகட்டியிடம் ‘இந்தச் சென்சார் துல்லியமானது’ என்று தவறாகச் சொல்லிவைத்தால், தவறான இடத்தை அடித்துச் சொல்லும்.

சமிக்ஞையே பொய்யாகவும் இருக்கலாம். 2013-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாட் ஹம்ஃப்ரீஸ் குழுவினர் மத்தியதரைக் கடலில், உரிமையாளரின் சம்மதத்தோடு, 65 மீட்டர் உல்லாசக் கப்பல் ஒன்றைப் போலி ஜிபிஎஸ் சமிக்ஞையால் ஏமாற்றிக் காட்டினார்கள். கப்பல் பாதை விலகியதாகத் திரை காட்டியது. மாலுமிகள் அதைச் ‘சரிசெய்தார்கள்’. உண்மையில் கப்பல் விலகியது அப்போதுதான். எச்சரிக்கை மணி ஒன்றும் அடிக்கவில்லை. போலிச் சமிக்ஞை இடத்தை மெதுவாக நகர்த்தினால், மலிவான ஜைரோ ஒன்றை உடன் வைத்திருந்தாலும் பிடிபடாது: அதன் சொந்தப் பிழையே அந்த நகர்வைவிடப் பெரிதாக இருக்கும்.