கொடுக்கும் காசு யார் கைக்குப் போகிறது?

காய்கறிக்கு நாம் கொடுக்கும் பணத்தில் மண்டி கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டி வாடகை, கடை லாபம் எல்லாம் கழிந்த பிறகுதான் விவசாயிக்கு மிச்சம். 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையில் இடைத்தரகர் கிடையாது. அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயியே உட்கார்ந்து விற்கிறார். அன்றைய விலை பலகையில் இருக்கும். பார்த்துவிட்டுப் பையை நீட்டுங்கள். விடிந்ததும் போனால் கீரை வாடாமலும், வெண்டைக்காய் முனையைக் கிள்ளினால் பட்டென்று ஒடியும் பதத்திலும் கிடைக்கும். அங்கே போய்ப் பேரம் மட்டும் பேசாதீர்கள். நீங்கள் குறைக்கிற இரண்டு ரூபாய் விளைவித்தவருடையது.

சேலை, வேட்டிக்கு 1935 முதல் இயங்கும் கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது; நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் துணி, தீபாவளிக்குத் தள்ளுபடியும் உண்டு. வேறு கடையில் வாங்கினால் கைத்தறி முத்திரையைப் பாருங்கள். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

பக்கத்துத் தெரு மெஸ் சாப்பாட்டுக்கு ஆப் எதற்கு? நடந்து போய் வாங்கினால் கமிஷன் பிடித்தம் இல்லை, முழுப் பணமும் மெஸ்காரருக்கே.

தெருவோரம் பூ விற்கும் அம்மாவிடம் கடன் சொல்லாதீர்கள். காலையில் வட்டிக்கு வாங்கிச் சரக்கெடுப்பவர்கள் அவர்களில் பலர். காசைக் கையோடு கொடுத்துவிடுங்கள்.