சுவரில் கம்பளி எதற்கு?

நீதிமன்றத்தில் சாட்சி கூறும் ஒரு சொல் தவறாகக் காதில் விழுந்தால் தீர்ப்பே மாறிவிடலாம் அல்லவா? ஆகவே, நீதிமன்றத்தைக் கட்டுபவர் ஒலியின் இயல்பையும் அறிந்திருக்க வேண்டும்.

சண்டிகரில் உள்ள உயர் நீதிமன்றத்தை எடுத்துக்கொள்வோம். லெ கார்புசியே என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்த இது 1955-இல் திறக்கப்பட்டது. கெட்டியான கான்கிரீட் சுவர், தன்மீது படும் ஒலியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். திரும்பும் ஒலி அடுத்த சொல்லோடு கலந்து குழப்பும். இதைக் குறைக்க, நீதிபதியின் இருக்கைக்குப் பின்னால் பெரிய கம்பளித் திரைகளை அவர் அமைத்தார். அவற்றின் ஓவியங்களையும் அவரே வரைந்தார். கம்பளி இழைகளின் இடுக்குகளில் நுழையும் ஒலியின் ஆற்றல், உராய்வினால் சிறிது வெப்பமாக மாறி அடங்குகிறது.

காலி அறையிலும், துணிகள் நிறைந்த அறையிலும் கைதட்டிப் பாருங்கள். வேறுபாடு விளங்கும்!