தாத்தாவின் தூண்டிலுக்கு எந்தக் கயிறு?

எங்க தாத்தா அவலாஞ்சியில் டிரவுட் மீன் பிடிக்க வருபவர்களுக்குத் துணைக்குப் போனவர். அப்போது கிடைத்த பைபர் கிளாஸ் தூண்டில்கோல் இன்னும் வீட்டில் இருக்கு.

அதில் புழு மாட்டமாட்டாங்க. இறகில் கட்டிய பொய்ப்பூச்சிதான். அதற்கு எடையே கிடையாதுன்னு வைச்சுக்கோங்க. கயிற்றின் எடைதான் அதைத் தூரமாகக் கொண்டுபோகும்! அதனால் கயிறுக்கு எண் உண்டு. எங்க கோலில் 6 என்று எழுதியிருக்கு. அப்படியென்றால் கயிற்றின் முதல் 30 அடி சுமார் 10.4 கிராம் இருக்கணும்.

பெரியப்பா, கனமா இருந்தா தூரம் போகும்னு 8-ம் எண் வாங்கிட்டார். அது 13.6 கிராம். பைபர் கிளாஸ் கார்பன் கோல் மாதிரி விறைப்பா நிற்காது. பிடிவரைக்கும் வளைந்துவிட்டது. தாத்தா கத்திவிட்டார்.

பெட்டியில் எண் தெரியாத பழைய கயிறு ஒன்று கிடந்தது. 30 அடி அளந்து, டீச்சரிடம் கேட்டு, அறிவியல் அறைத் தராசில் எடை போட்டேன். 10.2 கிராம்! தாத்தா வீசினார். புல்லில் சத்தமில்லாமல் விழுந்தது.

- 9-ம் வகுப்பு மாணவி