தனிமனிதனும் சமூகமும்

சமூகவியல் என்னும் நூற்றுறைக்கு அப்பெயரை வழங்கச் செய்தவர் ஆகஸ்ட் கோந்த் (1798–1857) என்னும் பிரெஞ்சு அறிஞர். இயற்கைப் பொருள்களை ஆராய்வதுபோலவே மக்கள் கூடிவாழும் வாழ்க்கையையும் உற்றுநோக்கி, அதன் இயல்புகளைக் கண்டறியலாகும் என்பது அவர் துணிபு. அவர்க்குப் பின்வந்தோருள் கார்ல் மார்க்ஸ், எமில் துர்கைம், மாக்ஸ் வெபர் என்னும் மூவரும் தலையாயவராக எண்ணப்படுவர். மூவர் கொள்கையையும் நிரம்ப விரிக்க இடம் போதாது. ஆதலின், கிறிஸ்தவராகிய எம்மனோர் உள்ளத்தைத் தைக்கும் துர்கைமின் ஆராய்ச்சி ஒன்றனையே ஈண்டு விரித்துரைத்து, ஏனையோரைச் சிறிதே தொடுவோம்.

மார்க்ஸ் (1818–1883) கேட்ட முதல் வினா, நிலமும் ஆலையும் யார் கையில் உள்ளன என்பது. உடையவருக்கும் உழைப்பவருக்கும் இடையே நிகழும் வர்க்கப் போராட்டமே வரலாற்றை நடத்துவது என்றும், சட்டமும் அரசும் சமயமும் பொருளாதார அடித்தளத்தின்மேல் எழுந்த மேற்கட்டடம் என்றும் அவர் கருதினார்.

நிற்க. துர்கைம் (1858–1917) யூத குருவின் மைந்தர். 1895-இல் வெளியிட்ட நூலில், ‘சமூக மெய்ம்மை’ என்னும் கருத்தை அவர் நிறுவினார். தனிமனிதனுக்குப் புறத்தே நின்று, அவனைத் தன்வழி நடக்குமாறு வற்புறுத்தும் எண்ணமும் ஒழுக்கமும் சமூக மெய்ம்மை எனப்படும். மொழியே இதற்குத் தக்க சான்று. அதனை நாம் ஆக்கினோமல்லோம். நாம் பிறக்குமுன்னரே அஃது இருந்தது. மாற்றிப் பேசின் நம் சொல் பிறர்க்கு விளங்காது. (தமிழ் பயில்வார்க்கு இது புதிதன்று. ‘வழக்கு’ என்று நம் இலக்கண நூலார் கூறுவதும் ஏறக்குறைய இதுவேயாம்.)

இக்கருத்தை மெய்ப்பிக்க அவர் எடுத்துக்கொண்ட பொருளோ மிகக் கடியது. 1897-இல் தற்கொலையைப்பற்றி ஒரு பெருநூல் எழுதினார். தன்னுயிரைத் தானே போக்கிக்கொள்வதைவிடத் தனிப்பட்ட செயல் வேறு யாதுளது? ஆயினும், ஒரு நாட்டில் அதன் வீதம் ஆண்டுதோறும் பெரிதும் மாறாதிருத்தலையும், நாட்டுக்கு நாடு வேறுபடுதலையும் ஐரோப்பியக் கணக்குகளால் அவர் காட்டினார். கத்தோலிக்கரினும் புரொட்டஸ்டாண்டுச் சபையாரிடையே அது மிக்கிருந்தது. இரு சபையாரும் தற்கொலையைப் பாவமென ஒருபடியாகவே விலக்குவர். ஆகவே வேறுபாட்டிற்குக் காரணம் அவ்விலக்கன்று. புரொட்டஸ்டாண்டார் வேதத்தைத் தாமே ஓதித் தாமே ஆராய்வர்; பொதுவான சடங்குகளும் ஐயமற ஏற்ற கொள்கைகளும் அவர்க்குச் சில. எனவே சபையின் பிணிப்புத் தளர்ந்து, துயருற்றவன் தனியனாகின்றான் என்றார் துர்கைம். இதனையே தன்முனைப்புத் தற்கொலை என வகுத்தார். செல்வம் திடீரெனப் பெருகினும் குறையினும், ஆசைக்கு எல்லைகாட்டும் நெறி குலைந்து நிகழ்வது நெறியின்மைத் தற்கொலை. வறுமை மட்டுமன்றிச் செழிப்பும் கேடாகலாம் என்ற இக்கண்டுபிடிப்பு வியக்கத்தக்கது.

வேதத்தைத் தாய்மொழியில் தாமே ஓதும் உரிமையை எம் முன்னோர் பெருமையாகவே போற்றினர். அப்பெருமையே கேட்டிற்கு வாயிலாயிற்றோ என யாம் முதலிற் கலங்கியதுண்டு. ஆனால் துர்கைம் கல்வியைப் பழித்தாரல்லர். மனிதன் மாய்வது கற்றதனாலன்று. பழைய பிணிப்புத் தளர்ந்தமையாலேயே கல்வியை நாடுகின்றான், அக்கல்வியே அவனுக்கு உற்ற துணை என்பது அவர் கருத்து. இஃதன்றி, அவர் கணக்குகளையும் பின்னோர் ஐயுற்றனர். இறப்பின் காரணத்தைப் பதிவு செய்வோரும் சமூகத்தாரே. பழிக்கஞ்சி மறைத்தல் எவ்விடத்தும் ஒரே அளவினதன்று என 1967-இல் ஜாக் டக்ளஸ் என்பார் ஒரு நூலில் வாதித்தார். இத்தடை வலியுடையதே. எனினும், பிணிப்பற்றோன் துயரைத் தாங்க வலியற்றவனாகின்றான் என்னும் உண்மை இதனால் வீழ்ந்துபடாது என்பது எம் கருத்து. விடுதியில் எவரோடும் பேசாது ஒதுங்கியிருக்கும் மாணாக்கனை இந்நூலைக் கற்றபின் யாம் வேறு கண்கொண்டு நோக்குகின்றோம்.

அதே தனிமையை வெபரும் (1864–1920) கண்டார். ஆனால் அதன் விளைவை வேறோரிடத்துக் கண்டார். 1904–05-இல் வெளிவந்த கட்டுரைகளில் அவர் கூறுவது வருமாறு: தமக்கு மீட்புண்டோ இன்றோ என்பது முன்னரே தேவனால் முடிவுசெய்யப்பட்டது எனக் கால்வினியர் நம்பினர். குருவும் சடங்கும் அம்முடிவை மாற்றலாகா. இத்தனிமை பொறாது, தம் தொழிலையே தேவ அழைப்பாகக் கொண்டு இடையறாது உழைத்தனர். ஈட்டியதை இன்பத்திற் செலவிடாது மீண்டும் முதலாக்கினர். முதலாளித்துவத்தின் உளப்பாங்கு உருவாக இஃதொரு காரணமாயிற்று. மார்க்ஸ் மேற்கட்டடம் என்ற சமயம், வெபரிடம் பொருளாதாரத்தையே திருப்பும் விசையாகின்றது. அந்நம்பிக்கை தேய்ந்த பின்னும் அது பழக்கிய ஓயா உழைப்பு மட்டும் நின்று, பிறந்தோர் அனைவரையும் அடைக்கும் இரும்புக்கூடு ஆயிற்று என்று அவர் தம் நூலை முடிக்குமிடத்து வருந்துகின்றார்.